நிச்சயதார்த்தத்தில் பன்றி தேடியவள்

என் நிச்சயதார்த்தத்தில், நிறைந்த சபையில், மாமியாராக வரப்போகிறவரைப் பார்த்து, "இதுல பன்னி இல்லையே அத்தை" என்று சொன்னவள் நான். சொன்னது தப்பு என்று இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. இனியும் மாட்டேன்.

அப்போது ராஜபாளையத்தில் ஒரு மில்லில், லென்ஸ் வைத்துத் துணியின் இழையை எண்ணுகிற வேலை எனக்கு. அதே லென்ஸால் பழைய நாணயம் பார்க்கிற கிறுக்கும் பிடித்திருந்தது. செல்போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, யார் என்ன காசைக் கொண்டுவந்தாலும் தீர்ப்புச் சொல்வேன். (கூட வேலை பார்த்தவள் தாலிச் செயினில் கோத்திருந்த காசையே போலி என்றிருக்கிறேன். அவள் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.)

மாப்பிள்ளை செல்வத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை மகன். கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் இரண்டு வருஷம் மல்லுக்கட்டி வாங்கிய சம்மதம் அது.

தலையில் பூ வைத்து முடிந்ததும் அத்தை மஞ்சள் துணியைப் பிரித்து, ஒரு வெள்ளி ரூபாயை என் உள்ளங்கையில் வைத்தார்கள். ராஜா தலை. வருஷம் 1911. எனக்குத் தலைகால் புரியவில்லை. (ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் அடித்த ரூபாயில், ராஜாவின் அங்கியில் இருக்கிற குட்டி யானைக்குத் தும்பிக்கை குட்டையாகி, பார்க்கப் பன்றி மாதிரி இருந்தது. சனங்கள் முகம் சுளித்ததால் மறுவருஷமே யானையைத் திருத்திவிட்டார்கள். ஆகவே 1911 என்றால் பன்றி இருக்க வேண்டும். இருந்தால் அசல், நல்ல விலை போகும். யானை இருந்தால் போலி.)

இடுப்பில் செருகியிருந்த லென்ஸை உருவினேன். (ஆமாம், பட்டுச்சேலையோடுதான்.) தும்பிக்கை நீண்ட அம்சமான யானை. என் வாய் முந்திக்கொண்டது.

"என்னது, பன்னியா?" என்றார்கள் அத்தை.

"இது டூப்ளிகேட்டு அத்தை. உங்கள எவனோ நல்லா ஏமாத்திட்டான்."

அத்தை மெதுவாக அப்பா பக்கம் திரும்பினார்கள். "ஏண்ணே, என் கல்யாணத்துக்கு நீங்க சீராக் குடுத்த ரூவால்லா இது! முப்பது வருசமா சாமி ரூமுல வச்சுக் கும்பிடுதேன். தகரத்தையா குடுத்தீக?"

மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் தாம்பாளத்தைத் தூக்கிவிட்டார்கள். அம்மா என் தொடையைக் கிள்ளி, "ஏட்டி, தெரியாமச் சொல்லிட்டேன்னு சொல்லு" என்றாள். செல்வத்தின் முகம் வெளுத்திருந்தது. கல்யாணம் நின்றுவிடும் போலிருந்தது. ஆனாலும் மன்னிப்பு மட்டும் வாயில் வரவில்லை. "தும்பிக்கை நீளமா இருக்கும்மா, நான் என்ன செய்ய?" என்றேன்.

அப்பா வேர்த்து விறுவிறுத்து எழுந்தார். "தேர்த் திருவிழாவுல ஒருத்தன் ரெண்டு ரூவா காட்டுனான் தங்கச்சி. ரெண்டும் ஒரே வெலைதான். ஒண்ணுல பன்னி கணக்கா இருந்துச்சு. ஒன் சீருல பன்னிய வைக்க எனக்கு மனசு வருமா? நாந்தான் அது வேண்டாம்னுட்டு, யானை போட்டதாப் பாத்து வாங்குனேன்."

அசலைக் கையில் பிடித்து, பார்த்து, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்! "போச்சேப்பா!" என்று தலையில் கைவைத்துவிட்டேன்.

முதலில் சிரித்தது அத்தைதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். "எனக்குப் பன்னி வேண்டாம்னு எங்கண்ணன் யானைய எடுத்துருக்காரு. எனக்கு அம்புட்டுப் போதும். ஏ, தட்டக் கீழ வைங்கப்பா." பிறகு என்னைப் பார்த்து, "நீ மொதல்ல அந்தக் கண்ணாடிய உள்ள வையி" என்றார்கள்.

கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் பவுன் வாங்கினாலும் சரி, பால்கோவா வாங்கினாலும் சரி, "பன்னி இருக்கா, பாத்தியா?" என்று செல்வம் கேட்காமல் பொட்டலம் பிரிவதில்லை.

போன மாதம் மகளுக்குக் காது குத்தினோம். அப்பா ஒரு வெள்ளி ரூபாயை என் கையில் வைத்து, "இந்தத் தடவ தேடித் தேடிப் பன்னியாவே வாங்கிட்டேன் தாயி" என்றார். லென்ஸை எடுத்தேன். பன்றி இருந்தது. வருஷம் 1919.

வீடே என் வாயைப் பார்த்தது. அப்பாவும்தான்.

"போலிதாம்ப்பா" என்றேன்.

அத்தை அதை வாங்கிக்கொண்டு போய், சாமி அறையில் யானைக்குப் பக்கத்தில் வைத்துக் குங்குமம் இட்டார்கள். வைக்கட்டும், தினமும் நானும் சேர்ந்துதான் கும்பிடுகிறேன். இரண்டும் போலிதான்.