அடுத்த வருடம் போய்விடுகிறவர்

வாசகரே, ஒரு ஜீவராசி உண்டு. அதற்குக் கால் இருக்கிறது, தோளில் பை இருக்கிறது, முகத்தில் எந்நேரமும் பேருந்துக்குக் காத்திருக்கும் பரபரப்பும் இருக்கிறது. கிளம்புவது மட்டும் கிடையாது. 'அடுத்த வருடம் போய்விடுகிறவர்' என்று இதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். எங்கே போய்விடுகிறவர் என்று கேட்டால் அவருக்கே கோபம் வரும். எதை விட்டு என்று கேளுங்கள். இருக்கிற வேலையை விட்டு.

இந்த இனம் எல்லா ஊர்களிலும் பிழைக்கும் என்றாலும், சின்னக் கல்லூரி ஊர்களில்தான் கொழுகொழுவென்று வளர்கிறது. எங்கள் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கல்லூரி, அதன் வாசலில் பிறந்து பேருந்து நிலையத்தில் உயிரை விடும் ஒரே சாலை, அந்தச் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடை, அதற்குப் போட்டியாக இன்னொரு ஜெராக்ஸ் கடை, மாணவர்களுக்கு மாடியறை வாடகைக்கு விடும் வீடுகள், ஒரு பேக்கரி, ஒரு மருந்துக் கடை, ஒரு டிரைவிங் ஸ்கூல். கல்லூரிக்கு விடுமுறை என்றால் ஊரே கொட்டாவி விடும். இங்கே உட்கார்ந்துகொண்டு வாழ்க்கைக்குப் புது வழி தேடுவது வாளித் தண்ணீரில் நீச்சல் பழகுவது மாதிரி. முழுகிப்போகிற பயமே இல்லை. ஆகவே ஆயுசு முழுக்கப் பழகலாம்.

எங்கள் கல்லூரிப் புவியியல் துறைத் தலைவர் இந்த இனத்தின் அசல் வித்து. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'போறேன் சார்'. அவருடைய நாற்காலியின் ஒரு கால் எப்போதோ உடைந்துவிட்டது. வேறு நாற்காலி கேட்டு எழுதிக்கொடுங்கள் என்றால், "நான் இன்னும் எத்தனை நாள் சார் இருக்கப் போறேன்" என்பார். அந்த நாற்காலியைச் சுவரில் சாய்த்து, தன்னையும் அதில் சாய்த்து, அலுவலகத்தில் அவரைவிட மூத்தவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுப் போகும்வரை உட்கார்ந்திருந்தார். வீட்டிலும் இதே கதைதான். சமையலறைக் குழாய் ஒழுகும்.

"ஏங்க, ஆளக் கூப்பிட்டு இந்தக் குழாயைச் சரி பண்ணுங்க" என்பார் மனைவி. ஊரின் அந்த ஒரே மருந்துக் கடை இந்த அம்மாவுடையதுதான்.

"அடுத்த வருஷம் காலி பண்ணப் போற வீட்டுக்கு எதுக்கு வெட்டிச் செலவு?"

"சரி. அப்ப வாளியாவது பெருசா வாங்கிட்டு வாங்க."

குழாய் ஒழுகத் தொடங்கியபோது பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த மகன், படித்து முடித்து, வேலை தேடி, வேறு ஊருக்கே போய்விட்டான். போவதற்கு முன் அவன் யாரிடமும் அதைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றவில்லை. வித்தியாசமான பிள்ளை.

போறேன் சார் தேடிய வழிகள் கொஞ்சமா? தேனீ வளர்ப்பு, சுற்றுலா நடத்துவது, கம்பெனிக்காரர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது, காளான், வரைபடம் அச்சிட்ட சட்டைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே சடங்குதான். முதலில் தொழிலுக்குப் பெயர் வைப்பார். பிறகு அதற்குப் பொருத்தமாக ஒரு ஜோடி செருப்பு வாங்குவார். அதன்பின் கேன்டீனில் எங்கள் டீயை ஆறவிட்டு, அந்தத் தொழிலில் எங்கெங்கோ யார் யாரோ கொடிகட்டிப் பறப்பதை எடுத்துச் சொல்லி, "நாமதான் சார் கிணத்துத் தவளை" என்று எங்களையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்வார். கடைசியில் யாராவது ஒரு புண்ணியவான், "தேனீ கொட்டுமே சார்" என்று வாயைத் திறந்துவிட வேண்டும். அந்த ஒரு குறையைக் கேட்டதும் அவர் முகத்தில் படரும் நிம்மதி இருக்கிறதே, பரீட்சை தள்ளிப்போன மாணவன் தோற்றான். "அதான் யோசிக்கறேன்" என்பார். அத்துடன் தேனீக்கள் தப்பித்தன.

அவர் தலைவராக இருந்த துறையில் அவரைத் தவிர ஒரே ஒருவர்தான் உண்டு. அவரைவிட வயதில் குறைந்த விரிவுரையாளர். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். கணவர் இல்லை, பள்ளியில் படிக்கும் மகள் உண்டு. போறேன் சாரின் பேச்சை முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கும் சார்" என்று மட்டும் சொல்லி வகுப்புக்குப் போய்விடுவார்.

இப்படியே காலம் போயிருக்கும். பிள்ளைகள் கெடுத்தார்கள். கணினியும் கணக்குப்பதிவியலும் படிக்க வரிசையில் நின்றவர்கள், புவியியல் பக்கம் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் முதல்வர் இரண்டு பேரையும் தன் அறைக்கு அழைத்தார். ஆசிரியர் சங்கச் செயலாளர் என்ற வெட்டிப் பதவியில் இருந்ததால் நானும் போய் உட்கார்ந்தேன்.

"ஜியாகரபிக்கு ஒரு போஸ்ட்தான் தர முடியும்னு நிர்வாகம் சொல்லிடுச்சு" என்றார் முதல்வர். "யாரை அனுப்பறதுன்னு நான் தூக்கமில்லாம தவிச்சிருக்கணும். நல்ல வேளை." இங்கே போறேன் சாரைப் பாசத்தோடு பார்த்தார். "நீங்க ரொம்ப நாளா போகணும்னு துடிச்சிட்டிருக்கீங்க. காலேஜுக்காகவே தள்ளிப் போட்டுட்டீங்க. இனிமே உங்களைப் பிடிச்சு வைக்கறது பாவம்."

பூட்டிய கதவு என்று நினைத்து வருடக்கணக்காகத் தோளால் இடித்துக்கொண்டிருக்கிறார் ஒருவர். திடீரென்று உள்ளேயிருந்து யாரோ தாழ்ப்பாளை நீக்கிவிடுகிறார்கள். என்ன ஆகும்? மூக்கு தரையில் படும்.

"போறதுதான் சார்" என்றார் அவர். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "ஆனா துறை இந்த நிலைமையில இருக்கும்போது போனா, சுயநலமாயிடுமே."

"யாரும் அப்படி நினைக்க மாட்டாங்க."

"பசங்க ஏங்கிப் போயிடுவாங்க."

"மேடம் பாத்துப்பாங்க."

ஒரு வாரத்தில் முடிவு சொல்லுங்கள் என்று முதல்வர் அனுப்பிவிட்டார்.

அந்த வாரம் ஊரே அவரை வாழ்த்தியது. பேக்கரிக்காரர் கை குலுக்கி, "ஒருவழியா ஜெயிச்சிட்டீங்க சார்" என்றார். ஜெராக்ஸ் கடைக்காரர் விசிட்டிங் கார்டு அடித்துத் தருவதாகச் சொன்னார். மனைவி ஒருபடி மேலே போய், "நிஜமாவே வர்றீங்கன்னா சொல்லுங்க, கடையில கூட நிக்க ஆள் தேடிட்டிருக்கேன்" என்றாராம். பார்த்தீர்களா, புது வழி அவர் வீட்டுக்குள்ளேயே, சம்பளமில்லாமல் காத்துக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார். கேலி செய்யலாம் என்று நாலு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்:

"சார், உண்மையைச் சொல்லுங்க. எனக்கு வேற என்ன தெரியும்?"

நான் யோசித்துப் பார்த்தேன். யோசித்ததுதான் தப்பு. பதில் வராததை அவர் பார்த்துவிட்டார். தயார் செய்த நாலு வாக்கியமும் வீணாயின.

கெடு முடிகிற நாளில் முதல்வர் அறைக்குள் நுழைந்தபோது போறேன் சார் ஆள் மாறியிருந்தார். தான் போனால் கல்லூரிக்கு வரப்போகும் கேடுகளை ஒரு தூதரின் பொறுமையுடன் எடுத்து வைக்கத் தொடங்கினார். வறட்சி, வெள்ளம், கண்டங்கள் நகர்வது எல்லாவற்றுக்கும் தன்னுடைய இருப்புக்கும் சம்பந்தம் இருப்பதாக நிறுவிக்கொண்டிருந்தபோது, மேடம் மெதுவாகக் குறுக்கிட்டார்.

"நான் போறேன் சார்."

அந்த வார்த்தையை இதுவரை வேறொருவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

அப்புறம்தான் தெரிந்தது. டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்த பெரியவருக்கு முழங்கால் போய்விட்டது. கற்றுக்கொள்ள வந்த பெண்களெல்லாம் அவர் போடும் சத்தத்துக்குப் பயந்து பாதியில் நின்றுவிட்டார்கள். பல வருடமாகக் கார் ஓட்டும் மேடம், விடுமுறை நாட்களில் அந்தப் பெண்களை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது பெரியவர் கூட்டுச் சேரக் கூப்பிட்டிருக்கிறார். இத்தனையும் எங்கள் மூக்குக்குக் கீழே நடந்திருக்கிறது. எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் காளானைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அவசரப்படாதீங்க மேடம்" என்றார் போறேன் சார், உண்மையான கவலையோடு. "வெளி உலகம் லேசுப்பட்டதில்ல."

"வெளிய போனா நல்லா இருக்கும்னு நீங்கதான சார் சொல்லிட்டே இருப்பீங்க?"

அதில் குத்தல் ஏதும் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது.

வெளியே வந்ததும் மேடத்திடம் கேட்டேன். "பயமா இல்லையா?"

"பயமாத்தான் சார் இருக்கு. பொண்ணு படிப்பு இருக்கு." கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னார்: "நான் விழுந்தாலும் எந்திரிச்சு நடந்துடுவேன். சாரை அனுப்பினா அவர் எங்க போவார்?"

மேடம் கூட்டுச் சேர்ந்த முதல் சில மாதங்கள் டிரைவிங் ஸ்கூல் கார் பெரும்பாலும் வாசலில்தான் நின்றது. மேடம் மெலிந்துபோனார், மகள் கல்லூரி மைதானத்தைச் சுற்றி நோட்டீஸ் கொடுத்தாள். பிறகு மாடியறை வீட்டுக்காரம்மா ஒருவர் கற்றுக்கொண்டு, தானே ஓட்டிக்கொண்டு பேக்கரி வாசலில் போய் இறங்கினார். அந்தக் காட்சி போதும். ஊரில் கணவன்மார்களை நம்பிக் காத்திருந்த பெண்களெல்லாம் வரிசையில் வந்துவிட்டார்கள்.

போறேன் சார் இன்னும் துறைத் தலைவர். துறையே அவர்தான். கேன்டீனில் இப்போது புது அத்தியாயம் நடக்கிறது: "அன்னைக்கு நான் மட்டும் போயிருந்தா துறையை இழுத்து மூடியிருப்பாங்க. மேடத்துக்கு வழி காட்டினது யாருங்கறீங்க? நான் சொல்லிச் சொல்லித்தான் அவங்களுக்குத் தைரியமே வந்தது." இதில் பாதி உண்மை என்பதுதான் எங்களுக்கு எரிச்சல்.

போன வாரம் அவரே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார். அதற்கென்று புதுச் செருப்பு. முதல் வகுப்பை வேடிக்கை பார்க்க நான் பின் இருக்கையில் ஏறிக்கொண்டேன். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, தூரத்துப் பேருந்து நிலையத்தை ஒரு தளபதியைப் போல நோக்கியபடி அவர் சொன்னார்:

"மேடம், ஒரு யோசனை. அடுத்த வருஷம் காலேஜை விட்டுட்டு நானும் இந்த லைனுக்கே வந்துடலாம்னு இருக்கேன்."

"தாராளமா வாங்க சார்" என்றார் மேடம். "முதல்ல ஹேண்ட் பிரேக்கை எடுங்க."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: இப்போது எங்கே உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? மேலதிகாரி வருகிறாரா என்று ஒரு கண்ணை வாசல் பக்கம் வைத்துக்கொண்டுதானே? சேச்சே, உங்களை நான் சொல்லவில்லை. உங்கள் விஷயமே வேறு. நீங்கள் உண்மையாகவே போகப்போகிறீர்கள். இந்த வருடத்து இன்க்ரிமென்ட் மட்டும் வந்துவிடட்டும் என்று பார்க்கிறீர்கள்.