மாமனாரின் டிக்கெட்டை மட்டும் கேன்சல் செய்யவும்

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மருமகன் அதீப் அவர்களுக்கு,

மாமனார் பக்ருதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே என் மூட்டு வலி நீங்கலாக எல்லாரும் சுகம். அந்த மூட்டு வலியும் இன்று காலையில்தான் வந்தது. ஏன் வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். அங்கே பிரான்சில், மார்செய்யில் நீங்களும், மகள் நூரீனும், அவள் வயிற்றில் இருக்கும் என் பேரப்பிள்ளையும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறேனே என்று நினைக்க வேண்டாம். போன ரம்ஜானில் உங்களுக்கு மட்டும் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி குடும்பக் குரூப்பில் விழுந்து, உங்கள் பெரியம்மாவின் பிரியாணியைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பது நாற்பத்தொரு பேருக்குத் தெரிந்துபோனது. அன்றிலிருந்து ரகசியம் என்றால் எனக்குப் பேனாதான். விஷயம் இவ்வளவுதான். எங்கள் இரண்டு பேருக்கும் நீங்கள் எடுத்து அனுப்பிய விமான டிக்கெட்டில் என்னுடையதை மட்டும் கேன்சல் செய்துவிடவும். உங்கள் மாமியார் ஜரினா தனியாக வந்துவிடுவாள். அவளுக்குப் பயம் என்பதே கிடையாது. என்னோடு முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள்.

எனக்கு விமானம் என்றால் பயம், மாப்பிள்ளை. இதை உங்களிடம்தான் முதன்முதலில் ஒப்புக்கொள்கிறேன். என் சூட்கேஸ் கடையில் பெட்டி வாங்கிக்கொண்டு பிரான்சுக்கும் துபாய்க்கும் பறந்தவர்கள் இந்த ஊரில் பாதிப் பேர். எத்தனை கிலோ கொண்டு போகலாம், ஊறுகாயை எந்தப் பெட்டியில் வைக்க வேண்டும், பெல்ட்டை எப்போது கழற்ற வேண்டும் என்று இருபத்தைந்து வருஷமாக வகுப்பு எடுக்கிறேன். "பாய் எத்தினி தடவ போயிருப்பாரு!" என்று வியந்துகொண்டே போவார்கள். நான் மீனம்பாக்கம் வாசலைத் தாண்டியதில்லை. இதில் என்ன தப்பு? சவப்பெட்டி செய்கிறவரிடம் போய், "உள்ளே படுத்துப் பார்த்தீங்களா?" என்று யாராவது கேட்கிறார்களா?

ஆனால் நூரீன் போனில், "அத்தா, புள்ள பொறந்ததும் காதுல மொத பாங்கு நீங்கதான் சொல்லணும். அது உங்க கொரலா இருக்கணும்" என்று சொல்லிவிட்டாள். நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். வாக்குக் கொடுக்கும்போது கீழே மார்பிள் தரையில் உட்கார்ந்திருந்தேன், அதனால் தைரியமாக இருந்தது. இரவெல்லாம் புரண்டேன். பிரசவத்துக்கு நாள் குறித்திருப்பதோ பத்து வாரத்தில். அப்போதுதான் பக்கத்து வீட்டு வடிவேல், டெம்போ ஓட்டுகிறாரே அவர், தன் போனில் ஒன்றைக் காட்டினார். விமானத்துக்குப் பயப்படுகிறவர்கள் குறைந்த செலவில் கடல் வழியாகப் போகலாம் என்று யாரோ விவரமாக எழுதியிருந்தார்கள். எனக்கு உயிர் வந்தது. உங்கள் ஊரிலோ துறைமுகம் வீட்டு வாசலில் இருக்கிறது. என் தாத்தா இங்கிருந்து சைகோனுக்குக் கப்பலில் போனவர். ரத்தத்திலேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே பஸ் ஸ்டாண்டு அருகில் டிராவல்ஸ் வைத்திருக்கும் பாரதி என்கிற பெண்ணிடம் போனேன். கடல் வழியாகப் போக வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அது, "கவலைப்படாதீங்க சார், குரூஸ்ல போயிடலாம்" என்றது. குரூஸ் யாரோ கிறிஸ்தவர், கப்பலின் கேப்டனாக இருக்கும் என்று எண்ணி, "நல்ல மனுஷனாம்மா? குடிப்பழக்கம் ஏதும் இல்லையே?" என்று கேட்டேன். அது என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, படம் காட்டியது. குரூஸ் என்றால் உல்லாசக் கப்பலாம். உள்ளே நீச்சல் குளம், ஆட்டம் பாட்டம், சீட்டாட்டம். கண்ணை மூடிக்கொண்டு போய்விடலாம், பாங்கு சொல்லப் போகிறவன் எதையும் பார்க்க வேண்டாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, "மார்செய்ல எப்பம்மா எறக்கி விடுவாங்க?" என்றேன். "மார்செய்யா? மூணு நாள் கடல்ல சுத்திக் காட்டிட்டு மெட்ராஸ்லயே எறக்கி விட்டுடுவாங்க சார்." கிளம்பிய இடத்திலேயே இறங்குவதற்கு இவ்வளவு பணமா? வீட்டு மொட்டை மாடியில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தால் போதாதா?

அப்புறம் அந்தப் பெண்ணே மனமிரங்கி, சரக்குக் கப்பலில் இரண்டு மூன்று பேரை ஏற்றிக்கொள்வார்கள் என்று ஒரு கம்பெனிக்கு எழுதிப் போட்டது. முப்பத்தைந்து நாள் ஆகுமாம். செலவு விமானத்தைப்போல் நாலு மடங்காம். குறைந்த செலவு என்று எழுதிய புண்ணியவான் எதோடு ஒப்பிட்டார் என்று தெரியவில்லை. போகட்டும், வாக்குக்கு விலை உண்டா? கம்பெனிக்காரர்கள் டாக்டர் சர்ட்டிபிகேட் கேட்டார்கள். டாக்டரோ, "கடல் ஒத்துக்குமான்னு ஒரு தடவ போயிப் பாத்துட்டு வாங்க பாய், அப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

வடிவேல் சும்மா இருப்பாரா? கனகசெட்டிக்குளத்தில் அவருக்குத் தெரிந்த அம்மாவாசை என்பவரின் ஃபைபர் படகுக்கு என்னை டெம்போவிலேயே கூட்டிப் போனார். காலை ஆறு மணி. நாலு பேர் கை கொடுத்து என்னைத் தூக்கிப் படகில் வைத்தார்கள். நான் பலகையை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு ஓதினேன். படகு மேலே போனது, கீழே வந்தது. குடல் மேலே வந்தது, கீழே போகவில்லை. காலையில் ஜரினா கொடுத்த இடியாப்பம் முழுவதையும் வங்காள விரிகுடாவுக்குக் கொடுத்தேன். பாதி தூரமாவது தாண்டியிருப்போம் என்ற நம்பிக்கையில், "கரை இன்னும் தெரியுதாப்பா?" என்று முனகினேன். அம்மாவாசை என் தோளைத் தட்டி, "கண்ண தொறங்க பாய். இன்னும் இஞ்சினே போடல. உங்க செருப்பு அதோ மணல்ல கெடக்குது பாருங்க" என்றார். இதை யாரோ வீடியோ எடுத்து, நான் வீடு வந்து சேர்வதற்குள் அது முதலியார்பேட்டை வந்து சேர்ந்திருந்தது. மானம் கப்பலேறிவிட்டது என்பார்கள். என் விஷயத்தில் மானம் மட்டும்தான் ஏறியது, நான் ஏறவில்லை.

அப்படியும் விட்டேனா? வாந்தி எடுத்து யாரும் செத்ததில்லை என்று டாக்டரிடம் வாதாடிக் கையெழுத்து வாங்கினேன். நேற்று கம்பெனியிலிருந்து இடம் இருக்கிறது என்று பதிலே வந்துவிட்டது! தெரு முழுக்க அல்வா கொடுத்தேன். வீடியோ பார்த்துச் சிரித்தவர்களுக்கு இரண்டு துண்டாகக் கொடுத்தேன். இன்று காலை பணம் கட்டப் போனபோது பாரதி கடைசி வரியைப் படித்துவிட்டுத் தயங்கியது. "சார், கப்பல் சிங்கப்பூர்ல இருந்துதான் கெளம்புது." "சரி, சிங்கப்பூருக்கு எப்படிப் போறது?" அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "ஃபிளைட்லதான் சார்" என்றது.

மூட்டு வலி அப்போதுதான் வந்தது, மாப்பிள்ளை. நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

ஆகவே பேரப்பிள்ளையின் காதில் நீங்களே பாங்கு சொல்லிவிடுங்கள். உங்கள் குரலும் நல்ல குரல்தான். நூரீனிடம் பயம் என்று சொல்ல வேண்டாம், மூட்டு வலி என்று சொல்லுங்கள். சின்னப் பிள்ளையில் அவளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுக்கும்போது, பயப்படுகிற பிள்ளை என் பிள்ளையே இல்லை என்று கத்தியவன் நான். இதை எழுதும்போது கண்ணீர் வருகிறது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சுகப்பிரசவம் ஆகி, தாயும் பிள்ளையும் நீண்ட ஆயுளோடும் ஈமானோடும் இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக. உங்கள் தாய் தகப்பனாருக்கும் பெரியம்மாவுக்கும் என் சலாம். பிரியாணி விஷயத்தை மறந்துவிடச் சொல்லவும்.

துஆவுடன்,
மாமனார் அ. பக்ருதீன்

பி.கு.: மேலே எழுதியிருப்பது எதையும் படிக்க வேண்டாம். ஆறு வாரத்துக்கு முன் இதை ஒட்டி, தபாலில் போடச் சொல்லி ஜரினாவிடம் கொடுத்தேன். உங்களிடமிருந்து ஒரு வார்த்தை பதில் இல்லை. கோபித்துக்கொண்டீர்கள் என்று நினைத்து வாயைத் திறக்காமல் இருந்தேன். முந்தாநாள் நூரீன் போன் செய்தாள். மூட்டு வலியைச் சொல்லத் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் அவள், "அத்தா, ஆஸ்பத்திரிய நெனச்சாலே எனக்குப் பயமா இருக்கு" என்று அழுதுவிட்டாள். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. "எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு. அங்க வந்துடறேன், ரெண்டு பேரும் சேர்ந்து பயப்படுவோம்" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் டிக்கெட் ஞாபகம் வந்தது. ஜரினாவிடம் ஓடிப் போய், "மாப்பிள்ளை கேன்சல் பண்ணியிருப்பாரே" என்றேன். அவள் கைப்பையைத் திறந்து இந்தக் கடிதத்தை அப்படியே எடுத்து நீட்டினாள். "கடுதாசி போயிருந்தாத்தானே? தனியா அந்தரத்துல போக எனக்கு மட்டும் பயம் இருக்காதாங்க? ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை, மாப்பிள்ளை. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இதை விமானத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து ஆடுகிறது. வண்டி இன்னும் தரையில்தான் நிற்கிறது. கதவைச் சாத்திவிட்டார்கள். இதற்குமேல் எழுத முடியாது, ஜரினா என் வலது கையைக் கேட்கிறாள்.