எட்சன் போட்ட புஷ்

புது புஷ் போட்ட மறுநாள் காலை, சுசீந்திரம் வளைவில் திரும்பும்போது காரின் முன்பக்கம் ‘டொக்’ என்றது. நேசையன் காதில் விழாதவர்போல ஓட்டினார்.

“இஞ்ச பாருங்க, அந்தச் சத்தம் போகல்ல,” என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி சத்தியபாய்.

“அது பழைய சத்தம். இது புதுச் சத்தம். வளைவுல வண்டி எப்பிடித் திரும்பிச்சு பாத்தியா? கத்தி மாதிரி.”

“எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல்ல. முந்தியும் இப்பிடித்தான் கெடந்து ஆடிச்சு.”

“ஒனக்கு வண்டியப் பத்தி என்னட்டி தெரியும்?”

நேசையனுக்கு இது சாதாரண விஷயமில்லை. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மகள் ரெனிஷாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் மார்த்தாண்டத்திலிருந்து வருகிறார்கள். போதகர் வந்து ஜெபித்தால்தான் நிச்சயம். அவரைப் பெண்வீட்டார் தங்கள் வண்டியிலேயே அழைத்து வருவதுதான் மரியாதை. போன மாதம் ஒரு ஜெபக்கூட்டத்துக்கு அப்படி அழைத்து வந்தபோது, கார் வளைவுக்கு வளைவு வள்ளம்போல அலைந்தது. போதகர் இறங்கியதும் முற்றத்துத் தென்னையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

“நேசையன், இனி நான் நடந்தே வாறேன்,” என்றார்.

அதனால்தான், துபாயில் கார் பட்டறையில் வேலை பார்க்கும் அக்கா மகன் எட்சனை, அவன் லீவு முடிந்து விமானம் ஏறும் நாளிலேயே நேசையன் பிடித்தார். முன்சக்கரத்தைத் தாங்கும் ஆர்மில் உள்ள ரப்பர் புஷ் நைந்திருக்கும், ரேஸ் வண்டிக்குப் போடும் கெட்டி புஷ்ஷைப் போட்டால் ஸ்டியரிங்கைத் தொட்டாலே வண்டி திரும்பும் என்றான் அவன். சபையில் பாதிப் பேரிடம் இருக்கும் அதே மாடல் வெள்ளைக் கார் என்பதால் பாகம் கிடைப்பதிலும் கஷ்டமில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, அறுப்பின் பண்டிகை. வேதக்கோயில் வளாகத்தில் கார்களை நெருக்கி நிறுத்துவார்கள். தேவைப்பட்டால் யாரும் எடுத்து நகர்த்தட்டும் என்று சாவியை வண்டியிலேயே விட்டுவிடுவது வழக்கம். எட்சனுக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. நேசையன் உள்ளே, சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைக்குலை, சேனைக்கிழங்கு, சேவல் என்று ஏலம் கூறிக்கொண்டிருந்தார். “வேப்பமரத்தடியில நிக்கிற வெள்ளை வண்டி. சாவி அதுலயே கெடக்கு,” என்று போனில் சொன்னதோடு சரி. ஏலம் முடிந்து வெளியே வந்தபோது எட்சன் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போய்விட்டிருந்தான். கார் வடக்குச் சுவரோரம் நல்ல நிழலில் நின்றது. வேலை முடித்தபிறகும் எவ்வளவு கருத்தாக விட்டிருக்கிறான் பிள்ளை என்று நேசையன் நெகிழ்ந்தார்.

திங்கட்கிழமையே துபாய்க்குப் போன் போட்டார்.

“புது புஷ் பதியணும் மாமா. குண்டும் குழியுமான ரோட்டுல ரெண்டு நாளு ஓட்டுங்க. வேற மெக்கானிக் கைவச்சா கெட்டுப்போவும், கேட்டேளா?”

நேசையன் குளத்தங்கரை ரோட்டில் மூன்று தடவை ஓட்டினார். மூன்றாம் தடவை எதிரே வந்த பால்காரர் கைகாட்டி நிறுத்தினார்.

“ஓய், வண்டிக்க வாலு தரையில கெடந்து இழுபடுது.”

சைலன்ஸர்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போய்வந்த சத்தியபாய், “போதகரையாவுக்கு முதுகு பிடிச்சுக்கிட்டாம். எழும்ப முடியாம இருந்துக்கிட்டேதான் ஜெபிச்சாரு,” என்றாள்.

“அதுக்குத்தான் நம்ம வண்டி,” என்றார் நேசையன்.

சத்தம் மட்டும் குறையவில்லை. எட்சன் அடுத்த மருந்து சொன்னான்: “டயர்ல காத்து பத்தாது மாமா. நாப்பது வைங்க.”

வைத்தார். வியாழக்கிழமை நிச்சயத்துப் பலகாரத்துக்காக வாங்கிய முப்பது முட்டையைச் சத்தியபாய் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீடு வந்தபோது ஏழு முழுசாக இருந்தன. மீதி அவள் சேலையில்.

“ஆனாலும் வளைவுல கத்தி மாதிரி,” என்றார் நேசையன் மெதுவாக.

சத்தியபாய் சேலையை அலசக் கிணற்றடிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை எட்சன், “பின்னால எடை வச்சா முன்னால துள்ளாது,” என்றான். பின்சீட்டில் இரண்டு மூட்டை மணல் ஏற்றினார். கோட்டாறு தாண்டவில்லை, ஒரு மூட்டை பிரிந்துகொண்டது. போதகர் உட்கார வேண்டிய இடம் கடற்கரையாகிவிட்டது.

ரெனிஷா துடைப்பத்தோடு வந்தாள். “அப்பா, பேசாம ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டு வருவோம்.”

“இருபது வருசமா ஏலம் கூறுதேன் மக்கா. எது நல்ல சரக்குன்னு எனக்குத் தெரியாதா?”

சனிக்கிழமை மூன்று மணி. மாப்பிள்ளை வீட்டார் தக்கலை தாண்டிவிட்டதாகத் தகவல் வந்தது. நேசையன் வெள்ளை வேட்டியில், போதகர் வீட்டு வாசலில் காரை நிறுத்தி உள்ளே போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

போதகர் தரையில் பாயில் மல்லாந்து கிடந்தார். கண் மட்டும் அசைந்தது. கோயிலில் மணியடிக்கும் குமாரதாஸ் அவர் காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, இது என்ன கோலம்?” நேசையன் பாய் அருகே குந்தினார்.

“திரும்பிப் படுக்க முடியல்ல நேசையன். குதிரையில ஏறுனீங்களான்னு டாக்டர் கேக்காரு.”

“எங்க போனிய ஐயா?”

“எங்கயும் போகல்ல. எனக்க கார்ல சபையார் வீடுகளச் சந்திக்கப் போனதுதான். திங்கக்கிழமையில இருந்து ரோட்டுல உள்ள ஒவ்வொரு குழியும் நேரா நடுமுதுகுல வந்து இடிக்கு. நான் செய்த பாவம் என்னதுன்னு யோசிச்சுக்கிட்டுக் கெடக்கேன்.”

வெளியே காரில் சத்தியபாய் ஹாரன் அடித்தாள்.

“மனசு விடாதிய ஐயா,” என்றார் நேசையன். “பையத் தூக்கி எனக்க வண்டியில இருத்திருவோம். முந்தி மாதிரி இல்ல. போன ஞாயிற்றுக்கிழமை எட்சன் வேப்பமரத்தடியில மூணு மணிக்கூறு கெடந்து புது புஷ் போட்டிருக்கான்.”

தைலம் தேய்த்த கை நின்றது. குமாரதாஸ் நிமிர்ந்து பார்த்தார்.

“வாழைக்குலை லாரி உள்ள வாறதுக்கு வழிவிடணும்னு ஒமக்க வண்டிய அண்ணைக்குக் காலையிலயே நான்தான் எடுத்து வடக்குச் சுவரோரம் விட்டேன் நேசையன் அண்ணே, லாரி போனபிறகு மரத்தடியில நின்னது நம்ம ஐயாவுக்க வண்டியாக்கும்.”