கதவைச் சாத்திய டாக்டரம்மா

நல்ல பழக்கம் ஒன்று கைவசம் இருந்தால் போதும், ஊரையே கலங்கடித்துவிடலாம். என்னிடம் இருந்த நல்ல பழக்கம், கதவைச் சாத்துவது.

கள்ளக்குறிச்சியில் எங்களுக்குத் துணிக்கடை. வீட்டில் பெண்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் நுழையுமுன் அத்தா, அதாவது என் அப்பா, வாசலிலேயே இருமுவார் (சளி இல்லாமலே). அடுத்தவர் மறைவைக் காப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவள், டாக்டராகி வெள்ளிமலைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

முதல் வாரமே பொன்னி வந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. கால் இரண்டும் வீங்கியிருந்தன. கூடவே ஒரு ஜீப் நிறையச் சொந்தம். அத்தனை பேரும் அறைக்குள் நின்றார்கள்.

"எல்லாரும் வெளிய போங்க" என்றேன், கம்பீரமாக. கதவைச் சாத்தினேன். கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தால் ரத்த அழுத்தம் எகிறிக்கிடக்கிறது, பெண் நடுங்குகிறாள். பக்கத்து அறைக்குப் போய் மருந்தோடு திரும்பினால், கட்டில் காலி.

"வூட்டுக்குப் போறோம்னு கெளம்பிட்டாங்க டாக்டர்" என்றார் நர்ஸ்.

அழுத்தம் அப்படியே இருந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவியை அள்ளிக்கொண்டு ஓடினேன். ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது. வளைவில் ஜீப் நின்றது. பின்பக்கம் தாவி ஏறி, மூச்சிரைக்க, "எட்டு மாசம் யாருக்கு?" என்று கத்தினேன்.

உள்ளே நாலைந்து ஆண்கள். ஒருவர் தன் மடியிலிருந்த ஆட்டைப் பார்த்தார்.

"இதுக்கு நாலு மாசந்தாங்க."

(வேறு ஜீப்.)

பொன்னியின் ஜீப் அதைத் தாண்டி டீக்கடையில் நின்றிருந்தது. என்னைக் கண்டதும் மாமியார் அழுதுவிட்டார். "எங்க நாத்தனாருக்கும் இப்படித்தாங்க எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, அப்புறம் செத்துப்போச்சுன்னு சொன்னாங்க. நீங்க போங்கன்னதும் உசுரே இல்ல டாக்டரம்மா."

மரியாதை என்று நான் சாத்திய கதவு அவர்களுக்குச் சாவுச் சேதியாகத் தெரிந்திருக்கிறது. பொன்னியின் பக்கம் திரும்பினேன்.

"நீயே சொல்லு பொன்னி, யாரு கூட இருக்கணும்?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். "எல்லாரும் இருக்கட்டும். மாமா மட்டும் எறங்கிக்கட்டும்."

மாமனார் விடுதலை கிடைத்தவர்போலக் குதித்திறங்கி, முதுகைக் காட்டி நின்றுகொண்டார். தார்ப்பாயை இறக்கிவிட்டு, கருவியை வயிற்றில் வைத்தேன். துடிப்பு தடதடவென்று கிளம்பியது.

வெளியிலிருந்து மாமனார் கேட்டார்: "இன்னா சத்தம் அது? இஞ்சினு ஓடிக்கினு இருக்குதா?"

"நம்ம பேரப்புள்ளய்யா!" என்று மாமியார் போட்ட சத்தத்தில் டீ மாஸ்டரே ஓடிவந்துவிட்டார். இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று கேட்டுக்கேட்டுச் சிரித்தார்கள்.

அப்படியே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். மாமியார் கையைப் பிடித்துக்கொண்டிருக்க, பொன்னிக்கு மருந்து கொடுத்து மறுபடி அளந்தேன். அழுத்தம் இறங்கியிருந்தது. விடாமல் வந்து காட்டிக்கொண்டாள். பெண் குழந்தை, சுகப் பிரசவம். இப்போதெல்லாம் நான் யாரையும் வெளியே போகச் சொல்வதில்லை. யார் இருக்கட்டும் என்று படுத்திருப்பவரைத்தான் கேட்கிறேன்.

இந்தக் கதையை வீட்டில் சொன்னதுதான் தப்பு. ஒவ்வொரு பக்ரீதுக்கும் ஆடு வந்து இறங்கியதும் தம்பி தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுவான்: "அக்கா, வந்து பாரு, எத்தன மாசம்?"

"அது கெடாடா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், அத்தா இருமக்கூட மறந்து சிரித்துக்கொண்டிருப்பார்.