திருக்கை கேட்ட வீடுகள்

பாம்!

போன கிழமை கோயில் திருவிழாவில் விளையாட்டுச் சாமான் விற்றவன் ரப்பர் ஹோர்ன் ஒன்றை அமுக்கிப் பார்த்தான். அவ்வளவுதான். எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த நாலைந்து ஆம்பிளைகள் சாமி கும்பிட்டபடியே திடுக்கிட்டு, தங்கள் கைகள் எங்கே இருக்கின்றன என்று குனிந்து பார்த்துக்கொண்டார்கள். நானும் பார்த்தேன். என் கையில் கச்சான்கடலைச் சுருள் இருந்தது. நல்லவேளை.

இந்த வாவிக்கரையில் ஆம்பிளைகளை வீட்டுக்கு வெளியே வரப்பண்ணியவை மூன்றே மூன்று: சூறாவளி, ஆமியின் சுற்றிவளைப்பு, ஹோர்ன் அக்கா. முதல் இரண்டிலும் கட்டிலுக்குக் கீழே ஒளித்துத் தப்பியவர்கள் உண்டு. மூன்றாவதில் ஒருவரும் தப்பியதில்லை.

அவ மீன்காரி. சைக்கிளின் பின்னால் மீன்பெட்டி, முன்னால் கைபிடியில் பித்தளை ஹோர்ன், அதன் வாலில் கத்தரிக்காய் அளவு கறுத்த ரப்பர் பந்து. அதை அமுக்கினால் வாவிக்கு அந்தப் பக்கத்து நாரைகள் எழும்பிப் பறக்கும். அமுக்கியவவுக்கு மட்டும் கேட்காது. இடது காது முழுச்செவிடு. வலது காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால் பாதி போய்ச் சேரும். காது போன கதையை மூன்று விதமாகச் சொல்லுவா. ஒரு நாள் பக்கத்தில் செல்குண்டு விழுந்தது, ஒரு நாள் இடி விழுந்தது, இன்னொரு நாள் வாவியில் சுழியோடியது. “அப்ப ஹோர்ன் எப்பிடிக்கா கேக்குது?” என்று நான் சைகையில் கேட்டபோது, உள்ளங்கையை விரித்துக் காட்டினா. பந்து அதிர்வது கையில் தெரியுமாம்.

காது இல்லாதவ எந்த வீட்டில் பெண்ணுக்கு அடி விழுகிறதென்று எப்படி அறிந்தா? மீனால் அறிந்தா.

சுறா கேட்டால் அது பிள்ளை பெற்ற வீடு. பால் சுரக்கக் கொடுப்பார்கள். பாரை கேட்டால் விருந்தாளி. ஆனால் ஒரு பெண் கேற்றைப் பாதி திறந்து, முகத்தைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு திருக்கை கேட்டால், அக்காவின் கண் சுருங்கும். திருக்கையில் முள் இல்லை. அவித்தால் பஞ்சு. தாடை வீங்கினவள் சப்பாமல் விழுங்கக்கூடிய மீன். அன்று பின்னேரம் அந்தக் கேற்றடியில் சைக்கிள் நிற்கும். வீட்டு ஆம்பிளை வெளியே வரும்வரை ஹோர்ன் ஓயாது. “போதும், நிப்பாட்டு” என்று ஊரே கத்தும். கேட்டால்தானே நிறுத்த!

ஒருமுறை எனக்கே வந்தது. கடைவாய்ப்பல் வீங்கி, கன்னத்தில் துவாயைக் கட்டிக்கொண்டு போய்த் திருக்கை கேட்டுவிட்டேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தா. பிறகு, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கேட்டா:

“மறைக்காத தம்பி. பொஞ்சாதி கைநீட்டுறவளோ?”

அன்று பின்னேரம் என் கேற்றடியில் ஹோர்ன். என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போய், இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினாள். நான் பக்கத்தில் நின்று வாயைத் திறந்து பல்லைக் காட்டினேன். அக்கா எட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டு, அடுத்த கேற்றுக்குப் போனா.

சிரித்தோம். அந்த ஒழுங்கையில் சிரிக்கக் கிடைத்தது அதுதான்.

என் வீட்டுக்கு எதிர் வீடு சுகந்தியுடையது. எங்கள் பக்க வழக்கம் தெரியுந்தானே. தாயுடைய வீடு வளவு மகளுக்கு. கலியாணம் முடித்தவன் பெட்டியோடு வந்து ஏறுவான். சுகந்தியின் புருசனும் அப்படி வந்து ஏறியவன்தான். றோட்டில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி “சேர், சுகமா?” என்று கேட்கும் மனிதன். பொழுதுபட, அதே வாயிலிருந்து வருவது வேறு. அவளுக்குத் தாய் கட்டிக்கொடுத்த சுவரில் அவளுடைய தலையே மோதும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

கேட்டால் நான் என்ன செய்தேன்? டீவியின் சத்தத்தைக் கூட்டினேன். பக்கத்து வீட்டாரும் கூட்டினார்கள். அதற்கடுத்த வீட்டாரும். ஒழுங்கை முழுக்க ஒரே நாடகம் ஒரே சத்தத்தில் ஓடும். நாடகத்துப் பெண் அழுவதை நாங்கள் வாய்திறந்து பார்த்துக்கொண்டிருப்போம். காது கேட்ட நாங்கள் கதவடைத்திருக்க, கேளாதவ ஒருத்திதான் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தா.

பாம். பாம். பாம்.

சுகந்தியின் புருசன் வெளியே வருவான். அவமானம் தாங்காமல் ஒரு கிலோ மீனை வாங்கிக்கொண்டு உள்ளே போவான். அடி நின்றுவிடும். ஆனால் வாங்கிய மீனை அந்த வீங்கிய கையால் வெட்டிக் கழுவிக் காய்ச்சுகிறவள் சுகந்திதான். ஹோர்னுக்கு அவ்வளவுதான் பலம். அது எங்கள் எல்லாரையும் விட அதிகம்.

கலியாணம் முடித்து ஐந்தாவது வருசம் சுகந்தி வாய் திறந்தாள். வேறொன்றும் வேண்டாம், அவன் தன் வீட்டை விட்டு இறங்கவேண்டும் என்றாள். முறைப்பாடு எழுதிய பொலிஸில், ஊரோடு பேசிப் பாருங்கள் என்றார்களாம். ஊர் கோயில் மண்டபத்தில் கூடியது. முன்வரிசை முழுக்க ஆம்பிளைகள். பின்னால் ஓரமாய்ச் சுகந்தியும், மீன் மணத்தோடு ஹோர்ன் அக்காவும். நானும் ஒரு கதிரையில் இருந்தேன்; அந்தக் கதிரைக்கும் எனக்கும் வித்தியாசம் குறைவு.

வீடு அவளுடையதுதான் என்பதில் ஒருவருக்கும் மறுப்பில்லை. வழக்கத்தை விட்டுக்கொடுக்க ஏலாதே. தலைமை தாங்கிய பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடிக்கிற கைதானே அணைக்கும் என்று தொடங்கினார். உதட்டைப் பார்த்து விளங்கிக்கொண்ட அக்கா எழும்பிப் போய், வலது காதைத் திருப்பி அவருடைய வாய்க்கு நேரே பிடித்தா.

“இதுக்க சொல்லுங்க ஐயா. மற்றக் காது, அடிச்ச கையோட போயிட்டு.”

செல்லும் இல்லை, இடியும் இல்லை. மண்டபத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

ஆனால் பெரியவர்களுக்கு மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும். அவர் சுகந்தியைப் பார்த்து, மிகவும் அன்பாகத்தான் சொன்னார்:

“புள்ள, வீடு உன்டதான். ஆனா அவன இறக்கினா அவன் எங்க போவான்? அவன்ட தாய்ட வீடு தங்கச்சிக்குப் போயிட்டு. ஆம்பிளைக்கு ஏது வீடு? உனக்கெண்டா வெளிநாடு இருக்கு.”

தலைகள் ஆடின. நியாயம் என்றார்கள். வீடில்லாதவன் இருக்கட்டும், வீட்டுக்காரி போகட்டும். இப்படியொரு தீர்ப்பை எந்தப் பைத்தியக்காரனாலும் சொல்ல முடியாது. அதற்கு நல்ல மனிதர்கள் பத்துப்பேர் ஒன்றாகக் கூடவேண்டும்.

அக்கா வெளியே போய் மண்டபத்து வாசலில் சைக்கிளை மறித்து வைத்து ஊதத் தொடங்கினா. மத்தியானம் முழுக்க. பெரியவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, தலையைக் குனிந்து, மீன் வாங்கிக்கொண்டு போனார்கள். தலைவர் பாரை வாங்கினார். அன்றைக்குத்தான் அவவுடைய பெட்டி முதன்முறையாக அடிவரை காலியானது. காலிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு அவ நின்ற நிலை, தண்ணி வற்றிய வயல் வட்டையில் ஒற்றைக் கொக்கு நிற்பதுபோல இருந்தது.

சுகந்தி வீட்டுவேலைக்குக் குவைத் போகக் கடிதாசிகள் கட்டினாள். அவன் அந்த வீட்டில்தான் இருக்கிறான். கேற்றுக்கு நீலப் பெயின்ற் அடித்திருக்கிறான். என்னைக் கண்டால் இப்போதும் சைக்கிளை விட்டு இறங்குகிறான். மீன் இப்போது ஒலிபெருக்கியில் வருகிறது. அக்கா கிரான் ஊரில் மகளோடு இருப்பதாகச் சொல்கிறார்கள். போய்ப் பார்க்கவேண்டும் என்று ஒவ்வொரு மாரியிலும் நினைக்கிறேன், மழை வெளித்ததும் மறந்துபோகிறேன். எதிர்வீட்டில் இப்போது சத்தமில்லை. அந்தச் சத்தமின்மைக்குமேல் டீவியை எவ்வளவு கூட்டினாலும் போதவில்லை.

சுகந்தி வெளிநாடு போன அன்று காலை, றெயில் நிலையத்துக்கு அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஐந்து வருசம் டீவியைக் கூட்டினவன் செய்யக்கூடிய சமூக சீர்திருத்தம் அவ்வளவுதான். ஹோர்ன் அக்கா சைக்கிளை மேடைவரை உருட்டிக்கொண்டு வந்து நின்றா. இடுப்புப் பைக்குள்ளிருந்து நட்டுச் சாவியொன்றை எடுத்து, கைபிடியில் இருந்த ஹோர்னைக் கழற்றினா. துருப்பிடித்த ஆணி. நேரம் எடுத்தது. சீலைத் தலைப்பால் துடைத்து, யன்னலால் சுகந்தியின் மடியில் வைத்தா. இனி எதை ஊதி மீன் விற்பா என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் அவவுக்குக் கேட்டிராது.

“அங்கயும் எவனும் கைய ஓங்கினா, ஊது” என்றா.

சுகந்தி பந்தை மெதுவாகத் தடவினாள். றெயில் அசைந்தது. அவள் யன்னலால் குனிந்து, அக்காவின் வலது காதுக்குள் வாயை வைத்துக் கேட்டாள்:

“அந்தப் பாலைவனத்தில ஊதினா ஆருக்குக்கா கேக்கும்?”

அக்கா உள்ளங்கையை விரித்துக் காட்டினபடி றெயில் பெட்டியோடு கூடவே நடந்தா.

“எனக்குக் கேக்கும் புள்ள.”