கோழிக்குப் போட்ட ஜப்பான் மீன்

எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. தெரியாததைக் கேட்க வாய் வராது. ஒருமுறை உத்தமபாளையத்தில் பஸ் ஏறி, அடுத்தாற்போல் இருக்கும் எங்கள் அனுமந்தன்பட்டியில் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, லோயர் கேம்ப் வரை போயிருக்கிறேன். (அங்கேயும் நான் நிறுத்தச் சொல்லவில்லை. டீ குடிக்க அவர்களாகவே நிறுத்தினார்கள்.) இப்படிப்பட்டவள் ஜப்பான் சமையலில் கை வைத்தால் என்ன ஆகும்? ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. முடிந்தவரை எழுதுகிறேன்.

என் மகன் பாண்டிக்கும் மருமகள் கவிதாவுக்கும் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அவள் முழுகாமல் இருந்தபோது, அங்கே தனியாகக் கிடந்து சிரமப்பட வேண்டாம் என்று என்னிடம் கொண்டுவந்து விட்டான். ஐந்து மாதம் ஆகியும் மசக்கை விடவில்லை. இட்லி என்றால் வாந்தி, ரசம் என்றால் வாந்தி, குக்கர் விசில் அடித்தாலே வாந்தி. என்ன வேணும் தாயி என்று நான் கேட்க வேண்டும் அல்லவா? கேட்க மாட்டேன். தட்டை வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பேன்.

போடியில் இருக்கும் அவள் அம்மா, அதாவது என் சம்பந்தி, போனில் சொன்னார்.

"மதினி, பிள்ள துரும்பாயிருச்சுன்னு கேள்விப்பட்டேன். ஞாயித்துக்கிழமை வாறேன். அப்பவும் ஒண்ணும் திங்கலேன்னா கையோட கூட்டிட்டு வந்துருவேன். பிரசவம் வரைக்கும் இங்கனயே இருக்கட்டும்."

"சரி மதினி" என்றேன். எனக்குச் சரியாகவே இல்லை. என் வீட்டுக்காரர் காலமான பிறகு ஒற்றை ஆளாகக் கிடந்த வீடு. அவள் வந்த பிறகு வாசலில் இன்னொரு ஜோடி செருப்பு கிடப்பதைப் பார்க்கவே நன்றாக இருந்தது. இதை அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

கடைசியில் அவளே வாய் திறந்தாள்.

"அத்தை, பெங்களூர்ல ஒரு கடையில பாஸ்தா திம்பேன். ஜப்பான் சமையலும் இத்தாலி சமையலும் கலந்து செய்வாக. இறால், கணவாயெல்லாம் போட்டு. அது இருந்தா ஒரு தட்டு எறங்கும்னு தோணுது."

பாண்டி உடனே சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு ஆம்னி பஸ்ஸில் கொடுத்துவிட்டான். ஞாயிறு காலை வந்து சேர்ந்தது. கவிதா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பக் கூச்சம். நானே பிரித்தேன்.

உள்ளே ஒரு பை உடைந்து, தச்சர் இழைத்துத் தள்ளியது போல் மெல்லிய சீவல், எல்லாச் சாமானையும் மூடிக் கிடந்தது. இருபது வருடம் திராட்சைப் பெட்டி அடுக்கியவள் நான். அடியில் கொஞ்சம் வைக்கோல், மேலே கொஞ்சம் காகிதச் சீவல், குலை நசுங்காமல் கேரளா வரை போகும். பெட்டிக்குள் சீவல் எதற்கு என்று எனக்கா சொல்லித்தர வேண்டும்? 'பேக்கிங் பண்ணவன் கெட்டிக்காரன்' என்று மெச்சிக்கொண்டேன். கருவாட்டு வாடை மட்டும் அடித்தது. பஸ் டிக்கியில் கருவாட்டு மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்திருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

நல்ல சீவலை எறிய மனம் வரவில்லை. கொல்லையில் அடை படுத்திருந்த கோழியின் கூடையில் மெத்தையாகப் பரப்பினேன். கோழி ஆசையாகக் கொத்தியது. புது மெத்தை பிடித்துவிட்டது போல!

பத்து மணிக்குச் சமையல் ஆரம்பம். கவிதா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்து, போனைப் பார்த்துச் சத்தம் போட்டுச் சொன்னாள்.

"அத்தை, பாஸ்தாவ முக்கால் வேக்காட்டுல எடுத்துருங்க. உள்ள நறுக்குன்னு இருக்கணும்."

பிள்ளைத்தாய்ச்சிக்கு முக்கால் வேக்காடா? எதிர்த்துப் பேசவில்லை. பேசாமல் இன்னும் இருபது நிமிடம் வேகவிட்டேன்.

"வடிச்ச தண்ணியில ஒரு டம்ளர் எடுத்து வைங்க. அதுதான் முக்கியம்."

அதைக் கழனித்தொட்டியில் ஊற்றி, மாடு குடித்தும் முடித்திருந்தது. (மாட்டிடம் திருப்பிக் கேட்கவும் எனக்குக் கூச்சம்.)

"மிசோன்னு ஜப்பான் சோயா விழுது ஒரு டப்பாவுல இருக்கும். அதுல ஒரு கரண்டி."

திறந்தால் புளித்த வாடை. கெட்டுவிட்டதா, இல்லை அதன் குணமே அதுதானா என்று கேட்காமல், ஒரு கரண்டி போட்டு, வாடை போக இரண்டு கரண்டி மஞ்சள் போட்டேன். சந்தையில் வாங்கி வைத்திருந்த இறாலையும் கணவாயையும் கவிச்சி போக ஏழு தண்ணீரில் கழுவி, பயத்தில் அரை மணி நேரம் வதக்கினேன். கணவாய் செருப்பு வார் ஆனது. பாஸ்தா களி ஆனது. நடுவில் கரண்டியை விட்டேன், பிடிக்காமலே நின்றது.

"கடைசியா மேல மீன் சீவலத் தூவணும் அத்தை. சூடு பட்டதும் உசிரு வந்த மாதிரி ஆடும் பாருங்க. அதப் பாக்கத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

"எந்தச் சீவல்?"

"கருவாட்ட இழைச்சுச் சீவுனது. மரச்சீவல் கணக்கா இருக்குமே! அதுக்குத்தான் உங்க மகன் கடை கடையா அலைஞ்சாக."

"எடுத்தாறேன் தாயி" என்று கொல்லைக்கு ஓடினேன். கூடைக்கு முன்னால் மண்டி போட்டு, கோழிக்கு அடியில் கையை விட்டேன். கோழி கொத்தியது. விடவில்லை நான். நாலு சீவல் எடுத்தால் முந்தானையில் துடைத்தாவது தூவிவிடலாம் என்று நினைத்தேன். (நிஜமாகவே நினைத்தேன். கடவுள் மன்னிப்பாராக.)

பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்குள் பஸ் புழுதியோடு நுழையக் கூடாது என்று கால் கழுவ நேரே கொல்லைக் குழாய்க்கு வந்த சம்பந்தி என்னை அந்தக் கோலத்தில் பார்த்தார்.

"மதினி, என்ன தேடுறீக?"

"மீனு."

"கோழிக்கு அடியிலயா?"

"ஜப்பான் மீனு மதினி."

சம்பந்தி ஓரடி பின்னால் போனார். அதற்குள் சுவர் மேல் காத்திருந்த இரண்டு பூனைகள் கூடைக்குள் பாய்ந்தன. கோழி எகிறிச் சம்பந்தியின் தோளில் உட்கார்ந்தது. நான் முட்டைகளை முந்தானையில் அள்ளினேன். சீவல் காற்றில் பறந்து நான், சம்பந்தி, கோழி என்று எங்கள் மூவர் தலையிலும் இறங்கியது. கவிதா சொன்னது உண்மைதான். நன்றாகவே ஆடியது.

சத்தம் கேட்டுக் கவிதா ஓடி வந்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"தாயி, நான் அதப் பேக்கிங்னு நெனச்சுக் கோழிக்குப் போட்டுட்டேன். அந்தத் தண்ணியையும் மாடு குடிச்சிருச்சு. என்ன ஏதுன்னு ஒன்னயக் கேக்க வெக்கமா இருந்துச்சு. சாப்பாடு போச்சு. ஒங்கம்மா ஒன்னயக் கூட்டிட்டுப் போயிருவாக."

அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, "மாட்டுக்குமா அத்தை?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். சம்பந்தி கோழியைத் தோளிலிருந்து இறக்கவும் மறந்து நின்றார்.

சிரித்து முடித்தவள், "பசிக்குது" என்றாள்.

அந்த மஞ்சள் களியை ஒரு தட்டு முழுக்கத் தின்றாள். கணவாயை மட்டும் மென்று பார்த்துவிட்டு வெளியே வைத்தாள். நானும் சம்பந்தியும் மூச்சுவிடாமல் பார்த்திருந்தோம். வாந்தி வரவில்லை. சம்பந்தி ஒரு வாய் வைத்தார். முகம் போன போக்கைச் சொல்ல முடியாது.

"இதையாடி அங்கன போயி காசு குடுத்துத் திங்கிறீக?"

"அது வேறம்மா. இது அத்தை செஞ்சது."

"சரி, துணிமணிய எடுத்து வை. கெளம்புவோம்."

"நான் வரலம்மா. ஒங்க வீட்டுல கோழியும் இல்ல, சிரிப்பும் இல்ல."

சம்பந்தி சாயங்காலப் பஸ்ஸில் தனியாகப் போனார். அவர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் போடி முழுக்கச் செய்தி பரவியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் எந்தப் பெட்டியிலும், எனக்குப் படிக்கத் தோதாகக் கொட்டை எழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கும். 'இது திங்கிறது', 'இது எறியுறது' என்று. சம்பந்தி முறுக்கு டின்னில்கூட ஒட்டி அனுப்புகிறார்.

தேனி ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தபோது, நர்ஸ் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். துணி மேல் ஒரு சீட்டு குத்தியிருந்தது. கவிதாவின் கையெழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'அத்தை, உள்ளே பிள்ளை இருக்கு.'