பக்கத்துக் கட்டம் வேண்டாம்

எனக்கு மூன்று விஷயங்களில்தான் கருத்து உண்டு. அரசியல், மேடைக் கச்சேரி, கட்டற்ற மென்பொருள். மற்றதற்கெல்லாம் தலையாட்டுவதோடு சரி. மூன்றிலும் நான் நினைப்பதுதான் சரி என்று இன்றைக்கும் நம்புகிறேன். மூன்றையும் ஒரே நாளில் ஒரே மேடையில் ஏற்றினேன். அதுதான் தப்பு.

தொழில் ரேடியோ செட். ஊர் திருவரங்குளத்துக்குப் பக்கம். படிப்பு எட்டாவது. (முடித்தேன் என்று சொல்ல மாட்டேன். அதுதான் என்னை முடித்தது.) கோயில் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் வைத்துக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவேன். மேடையில் பேசுவதை முதலிலிருந்து கடைசிவரை கேட்கிற ஒரே ஆள் செட்டுக்காரன்தான். வேறு வழி கிடையாது. அப்படிக் கேட்டுக் கேட்டு அரசியல் எனக்குப் பிடிபட்டது. அதில் பேச்சு முக்கியமில்லை. யார் பேருக்கு முன்னால் யார் பேர் வருகிறது, அதுதான் முக்கியம். இவ்வளவு தெரிந்தவன்தான் நான். இருந்தும் நடந்தது.

கச்சேரி பற்றிச் சொல்ல வேண்டுமானால் என் வீட்டுக்காரி செல்வியைச் சொல்ல வேண்டும். இன்னிசைக் குழுவில் பாடுகிறாள். பதிவு செய்த பாட்டில் தப்பு வராது. மேடையில் வரும். வரும் என்று தெரிந்தே வாயைத் திறக்கிறார்கள் பாருங்கள், அதற்குத்தான் கைதட்டு.

மென்பொருள் விக்டோரியா டீச்சர் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவர். என் பழைய லேப்டாப் படுத்துவிட்டது. அதை எழுப்பி, லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டுத் தந்தார்.

"இது யாருக்குச் சொந்தம் டீச்சர்?"

"எல்லாருக்கும் சொந்தங்க. உள்ள எப்படி ஓடுதுன்னு நீங்களே பாக்கலாம், மாத்தலாம்."

"கெட்டுப்போனா?"

"நீங்களே சரி பண்ணிக்கலாம்."

எனக்குப் பிடித்துப்போனது. மூடியில் திருகாணி வைத்த ஆம்ப்ளிபயரை நம்பலாம், ஒட்டி மூடியதை நம்பக் கூடாது என்பது என் கட்சி. அன்று முதல் நான் லினக்ஸ்காரன். டீக்கடையில் யாராவது காசு கொடுத்துச் சாப்ட்வேர் வாங்கினேன் என்றால் அவரைப் பாவமாகப் பார்ப்பேன்.

இனி அந்தக் கூட்டம்.

எங்கள் பக்கம் கட்சிக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒன்றியச் செயலாளர் என்றால் 'ஒன்றியம்'. மாவட்டச் செயலாளர் என்றால் 'மாவட்டம்'. ஒன்றியம் தூங்குது, மாவட்டம் சாப்பிடுது என்று சொல்வோம். வெளியூர்க்காரர்கள் பயந்துபோவார்கள். அந்த ஒன்றியம் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார்.

"செட்டு, பொதுக்கூட்டம் போடுறோம். மாவட்டம் வர்றாரு. பேச்சுக்கு முன்னாடி ஒங்க வீட்டம்மா குழுவோட பாட்டு. நல்லா அமைஞ்சா மாவட்டம் பூரா இவுங்களுக்குத்தான் மேடை. மாவட்டமே சொல்லிட்டாரு."

செல்வி உள்ளே இருந்து எட்டிப் பார்த்தாள். பதினோரு வருஷம் பின்பாட்டுப் பாடியவள். அன்றுதான் முதல் முறையாக முன்னால் நிற்கப் போகிறாள்.

ஒன்றியத்துக்கு ஒரு கவலை இருந்தது. வரவேற்பில் அறுபது பேருடைய பேரையும் பதவியையும் படிக்க வேண்டும். போன கூட்டத்தில் படித்தவர் ஒரு பேரை விட்டுவிட்டார். நாற்காலி பறந்தது.

"மிஷினு படிக்கும்ணே" என்றேன்.

"மிஷினா?"

"தமிழ் எழுத்தைப் போட்டா அதுவே வாசிக்கும். விடாது, மறக்காது, யாருக்கும் சொந்தக்காரனும் இல்ல."

கடைசிச் சொல்லில் ஒன்றியம் விழுந்துவிட்டார். செல்வி மட்டும் அன்று சோறு போடும்போது சொன்னாள்.

"ஏங்க, அன்னிக்கு மட்டும் புதுசா எதையும் போட்டு வைக்காதீங்க. ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்."

நான் தலையாட்டினேன். (கருத்து உள்ள விஷயத்தில் தலையாட்டியது அந்த ஒரு தடவைதான்.)

பட்டியல் தாளில் வந்தது. மூன்று வாரம் சண்டை போட்டு முடிவு செய்த வரிசை. முதல் பேர் மாவட்டம் வைரக்கண்ணு. கடைசிப் பேர், போன மாதம் இறந்துபோன பழைய கட்சிக்காரர் அடைக்கலம். அவருக்கு அஞ்சலி. நான் உட்கார்ந்து லேப்டாப்பில் கட்டம் கட்டமாக ஒற்றை விரலால் அடித்தேன். இடப்பக்கக் கட்டங்களில் பதவி. நடுக் கட்டங்களில் பேர். வலப்பக்கக் கட்டங்களில் 'அவர்களே, வருக வருக', கடைசியில் மட்டும் அஞ்சலி வரி. ஓட்டிப் பார்த்தேன். மூக்கடைத்த குரலில் அழகாக வாசித்தது.

ஆனால் கூட்டத்தன்று மத்தியானம் வரைக்கும் போன் வந்துகொண்டே இருந்தது. என் பேரு இருக்கா, எங்க மச்சான் பேரு இருக்கா. இருக்கிற பேரையே இரண்டாவது தடவை சேர்த்துவிட்டேனோ என்று சந்தேகம். ஒரு யோசனை தோன்றியது. பேரையெல்லாம் அகர வரிசையில் அடுக்கினால் இரட்டைப் பேர் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும், கண்ணில் பட்டுவிடும். பார்த்துவிட்டு மறுபடி பழையபடி ஆக்கிக்கொள்ளலாம். பேர்க் கட்டங்களை மட்டும் தேய்த்துப் பிடித்து, அடுக்குகிற பொத்தானை அமுக்கினேன்.

அது ஒரு கேள்வி கேட்டது. பக்கத்துக் கட்டங்களையும் சேர்த்து நகர்த்தவா என்று.

பக்கத்தில் இருப்பது பதவி. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. நான் அடுத்தவன் விவகாரத்தில் தலையிடுகிறவன் இல்லை. வேண்டாம் என்றேன்.

பேர்கள் மட்டும் நகர்ந்தன. பதவிகள் நின்ற இடத்தில் நின்றன. இரட்டைப் பேர் ஒன்றுகூட இல்லை. திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியில், பழையபடி ஆக்க வேண்டும் என்பது மறந்தே போனது.

சாயங்காலம் ஆறு மணி. பஸ் ஸ்டாண்டு மைதானம் நிறைந்துவிட்டது. மேடையிலிருந்து ஊருணிக்கரை வரைக்கும் எட்டுக் குழாய் கட்டியிருந்தேன். எட்டாவது குழாய் கரகரத்தது. லேப்டாப்பைச் செல்வியிடம் காட்டினேன்.

"மாவட்டம் மேடை ஏறுனதும் இத அமுக்கு. அது படிச்சு முடிக்கும். பெறகு நீ பாடு."

"புதுசா ஒண்ணும் போடலையே?"

"பேரு வாசிக்கிறதுதான்."

மொபெட்டில் ஊருணிக்கரை போய் மரத்தில் ஏறினேன். ஒயரை முறுக்கி இழுத்துக் கட்டினேன். கரகரப்பு நின்றது. குழாய் வாய் என் காதுக்கு ஒரு முழத்தில் இருந்தது. அதிலிருந்து மிஷின் குரல் தெளிவாக வந்தது.

"கட்சியின் தூண், மாவட்டச் செயலாளர், அண்ணன் அடைக்கலம் அவர்களே, வருக வருக."

மரத்தை விட்டு எப்படி இறங்கினேன் என்று தெரியாது. உள்ளங்கைத் தோல் அந்த மரத்தில் இருக்கிறது. மொபெட் கிளம்பவில்லை. ஓடினேன்.

ஏழாவது குழாய்: "ஒன்றியச் செயலாளர், அண்ணன் அந்தோணியம்மாள் அவர்களே."

ஆறாவது குழாய்: "மகளிர் அணித் தலைவி, சகோதரி கருப்பையா அவர்களே." (கருப்பையாவின் மீசை அந்த வட்டாரத்தில் பிரசித்தம்.)

ஐந்தாவது குழாயடியில் செருப்பு அறுந்தது. நான்காவது குழாய், "பந்தல் உபயம், தங்கவேல் அவர்களே" என்றது. தங்கவேல் என்பது ஒன்றியத்தின் சொந்தப் பேர். இத்தனை வருஷத்தில் அதை யாரும் மைக்கில் கேட்டதில்லை.

மைதானம் குலுங்கிச் சிரிப்பது கேட்டது. பெண்கள் வரிசையில் அடைக்கலத்தின் சம்சாரம் உட்கார்ந்திருந்ததாம். "உசுரோட இருக்கையில ஒரு பதவியுங் குடுக்கல. செத்த பெறகாச்சும் குடுத்தானுகளே" என்று எழுந்து கும்பிட்டதாம். இது பிறகு கேள்விப்பட்டது. நான் அப்போது இரண்டாவது குழாயடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். கடைசிப் பேர் யாராக இருக்கும் என்று அங்கேதான் மண்டையில் ஓடியது. அகர வரிசையில் 'வை'க்குப் பிறகு அந்தப் பட்டியலில் ஒருத்தருமில்லை.

மைதானத்துக்குள் நான் நுழையவும் மிஷின் அதைச் சொல்லவும் சரியாக இருந்தது.

"நம்மையெல்லாம் கண்ணீரில் ஆழ்த்திவிட்டு மறைந்த, அண்ணன் வைரக்கண்ணு அவர்களுக்கு, அனைவரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம்."

கூட்டம் எழுந்தது. யோசித்து எழவில்லை. முப்பது வருஷப் பழக்கம். அஞ்சலி என்றால் கால் தானாக எழும்.

மாவட்டமும் எழுந்தார். துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். தன் பேர் என்று அவருக்கு உறைக்க நாலைந்து நொடி ஆனது. உறைத்த பிறகும் உட்கார முடியவில்லை. அஞ்சலியில் உட்கார்ந்தால் மரியாதையில்லை.

நான் பாய்ந்துபோய் ஆம்ப்ளிபயர் ஒயரைப் பிடுங்கினேன். அது அடுத்த தப்பு. அஞ்சலியை முடித்துவைக்க, 'நன்றி, அமரலாம்' என்று ஒருவர் சொல்ல வேண்டும். அந்த வரி மிஷினுக்குள் இருந்தது.

யாரும் சொல்லவில்லை. யாரும் உட்காரவில்லை. இரண்டு நிமிஷம் போனது. மூன்று நிமிஷம் போனது. ஒன்றியம் உதட்டை அசைக்காமல் என்னிடம் பேசினார்.

"குழுவக் கூட்டிக்கிட்டு எறங்குடா. பாட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். எறங்கு."

செல்வி என்னைப் பார்த்தாள். பதினோரு வருஷமும் அந்தப் பார்வையில் இருந்தது. நான் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எந்த ஓட்டையில் சொருகுவது என்று எனக்கே மறந்துவிட்டது.

அவள் மைக்கை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். வெறும் தொண்டையில் பாடினாள்.

அந்தக் குரலை நான் எத்தனையோ தடவை ஏற்றியும் இறக்கியும் விட்டிருக்கிறேன். என் செட் இல்லாமல் அது மைதானம் முழுக்கப் போகும் என்று எனக்குத் தெரியாது. ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. எல்லாரும் அஞ்சலியில் அல்லவா நின்றார்கள்! எந்தக் கச்சேரிக்கும் அப்படி ஓர் அமைதி கிடைத்ததில்லை.

இதில் ஒரு சிக்கல். அது மாவட்டத்தை வரவேற்கக் குழுவே கட்டிய பாட்டு. அண்ணன் நூறு வயசு தாண்டியும் இருக்க வேண்டும் என்பதுதான் முதல் வரி.

இரண்டாம் தடவை அந்த வரி வந்தபோது மாவட்டத்தின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார். அவர் சிரித்ததும் மைதானம் வெடித்தது. அவர் உட்கார்ந்தார். ஊரே உட்கார்ந்தது.

"பாடும்மா, முழுசாப் பாடு" என்றார். "செத்தவன் கேக்குறேன்."

அவள் ஐந்து பாட்டும் பாடினாள். கடைசியில் மாவட்டம் என்னைக் கூப்பிட்டார்.

"இந்த அம்மா குழுதான் இனிமே எல்லா ஊருக்கும். செட்டு மட்டும் வேற ஆளு."

ஒரு வருஷம் என் சம்சாரம் வேறு செட்டில் பாடினாள். நான் அவளை மொபெட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கூட்டத்தில் நின்று கேட்டேன். அந்த செட்டில் சத்தம் சரியில்லை. நான் சொல்லவில்லை.

மறுநாள் விக்டோரியா டீச்சரிடம் போனேன்.

"அது கேள்வி கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேணாம்னேன்."

"பெறகென்னங்க?"

குறை இருந்தால் மென்பொருளைச் செய்தவர்களுக்கே எழுதலாம் என்றார். எழுதச் சொன்னேன்: 'கேள்வியைக் கொஞ்சம் சத்தமாகக் கேட்கவும்.' மூன்றாம் நாள் எந்த நாட்டிலிருந்தோ பதில் வந்தது. ஏற்கெனவே கேட்கிறோம், படித்துப் பார்க்கவும் என்று, மரியாதையாக. எந்தக் கட்சிக்கு எழுதியும் எனக்கு இதுவரை பதில் வந்ததில்லை. ஆகவே என் மூன்று கருத்தும் அப்படியேதான் இருக்கின்றன.

மாவட்டம் நன்றாக இருக்கிறார். அடுத்த வருஷமே என்னைத் திரும்பக் கூப்பிட்டார், லேப்டாப் வீட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இப்போதெல்லாம் எந்தக் கூட்டத்திலும் மௌன அஞ்சலி என்றால், அவர் உடனே எழுவதில்லை. பக்கத்தில் குனிந்து, "யாருக்குப்பா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுகிறார்.

எங்கள் வீட்டில் கரண்ட் போகும். மின்விசிறி நிற்கும், டிவி அடங்கும், ஒரு நிமிஷம் எல்லாரும் பேசாமல் இருப்போம். அப்போது என் மகள் மாவட்டத்தின் குரலில் கேட்பாள்.

"யாருக்குப்பா?"

அடுப்படியிலிருந்து செல்வி பதில் சொல்வாள்.

"ஒங்கப்பனுக்குத்தான். எந்திரிச்சு நில்லு."